லாரி டிரைவர்களின் மனவடு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்னும் ஊர்ப் பெயர்கள் இன்று பாரத தேசத்தின் எல்லாச் சாலைகளிலும் வாசிக்கப்படுகின்றன. ஒரு காலத்தில் கோட்டைகளாலும் கோயிலாலும் அறியப்பட்ட இவ்வூர்களை, லாரிகளின் பின்பலகையில் தீட்டிய எழுத்துக்கள் காஷ்மீரம் வரை எடுத்துச் செல்கின்றன. மழையை நம்பிய புன்செய் நிலம் கைவிட்டபோது நம் குடியானவர்கள் கைகட்டி இருந்துவிடவில்லை. லாரி வாங்கினார்கள், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வைத்தார்கள், ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக்கு வண்டிகளை வெளி மாகாணங்களுக்கு அனுப்பினார்கள், எரிவாயு டாங்கர்களை ஓட்டினார்கள். இந்த முயற்சியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். டீஸல் விலையைப் பற்றியும், சுங்கச்சாவடிக் கட்டணத்தைப் பற்றியும், இன்ஷூரன்ஸ் பிரிமியத்தைப் பற்றியும் இத்தொழிலினர் மகாநாடு கூட்டித் தீர்மானம் நிறைவேற்றுவதும் நியாயமே. ஆனால் லாரியை ஓட்டும் மனிதனுடைய மனத்துக்கு நேரும் கேட்டைக் குறித்து ஒரு தீர்மானமும் நம் காரியாலயத்துக்கு இதுவரையில் வந்ததில்லை.

2022-ம் வருஷத்தில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துக்கள் நிகழ்ந்தன என்றும், அவற்றில் 1,68,491 பேர் மாண்டனர் என்றும் மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து இலாகா கணக்குக் காட்டியது. விபத்துக்களின் எண்ணிக்கையில் 64,105 என்று முதலிடம் பெற்றது நமது தமிழ்நாடே. இக்கணக்கில் மாண்டவர் உளர். காயம் பட்டவர் உளர். தன் லாரியின் முன் சக்கரத்தில் ஓர் உயிர் மடிந்ததைக் கண்டு, தன் உடம்பில் ஒரு கீறலுமின்றிக் கீழே இறங்கி நின்றவன் இல்லை. அவனைக் குறித்தே இன்று எழுதுகிறோம்.

இடித்தவனுக்காகவா இத்தனை இரக்கம் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நாம் விவரிக்கப் போகும் வியாதி மாண்டவனுடைய மனைவிக்கும் வரும். பின் இருக்கையில் இருந்து பிழைத்த குழந்தைக்கும் வரும். நசுங்கிய உடலை வெளியே எடுக்கும் 108 ஆம்புலன்ஸ் ஊழியனுக்கும், தீயணைப்புப் படையினனுக்கும், போலீஸ்காரனுக்கும், ரயில் பாதையில் வந்து விழுந்த உயிரைக் கண்ணெதிரே கண்ட ரயில் டிரைவருக்கும் வரும். இவர்கள் எல்லோருக்கும் சிகிச்சை வேண்டும். லாரி டிரைவரை நாம் தனியே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. அவன் அந்த வியாதியோடு அடுத்த வாரமே ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான். அவனுக்குப் பின்னால் முப்பது டன் சரக்கும், அவனுக்கு எதிரில் நாமும் வருகிறோம்.

வியாதியின் இயல்பைச் சிறிது சொல்லுவோம். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூர்க் கணவாயை அறியாதார் இப்பகுதியில் இல்லை. அங்கே இரவில் விபத்துக்குள்ளான ஒரு டிரைவரை எடுத்துக்கொள்வோம். மாதங்கள் பல சென்ற பின்னும் அந்தச் சம்பவம் நடந்து முடிந்துவிட்டது என்பதற்கு அவன் மனம் ஒப்புவதில்லை. பிரேக் லைனிங் கருகும் நாற்றம் எங்கிருந்து வந்தாலும் கணவாய் அவன் கண்முன் நிற்கிறது; அவன் அதை நினைவுகூர்கிறான் என்று சொல்வது போதாது, அதனுள் மீண்டும் இருக்கிறான். உறங்கினால் அதே கனவு. ஆதலால் உறக்கத்துக்கே அஞ்சுகிறான். அந்த வழியே லோடு வந்தால் வேறு காரணம் சொல்லி மறுக்கிறான். அல்லது ஐம்பது மைல் சுற்றிப் போகிறான். சம்பவத்தைப் பற்றி எவரேனும் வாய் திறந்தால் எழுந்து போய்விடுகிறான். பின்னால் ஒரு ஹாரன் சத்தம் கேட்டால் உடல் தூக்கிப்போடுகிறது. வீட்டில் பிள்ளை ஒரு தட்டைக் கீழே போட்டால் கை ஓங்குகிறான். உலக சுகாதார ஸ்தாபனத்தின் பட்டியல் இந்த வியாதிக்கு மூன்று அடையாளங்களைக் கூறுகிறது: நடந்தது இப்போதே மீண்டும் நடப்பதுபோல் தோன்றுதல், அதை நினைவூட்டுவன யாவற்றையும் விலக்குதல், ஆபத்து இன்னும் அருகிலேயே இருக்கிறதென்று உடலும் உள்ளமும் ஓயாமல் விழித்திருத்தல்.

விபத்து நடந்த முதல் சில வாரங்களில் இவை யாருக்கும் வரும். அது வியாதியன்று, பெரும்பாலோருக்குத் தானே தணிந்துவிடும். ஒரு மாதம் கடந்த பிறகும் தணியாமல், வேலையையும் குடும்பத்தையும் கெடுக்குமானால் அதுவே வியாதி. இந்த வேறுபாட்டை நம் பொதுஜன ஊழியர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இல்லையேல் பயந்தவர் எல்லோரையும் நோயாளிகளாக்கும் வேறொரு தவறு நேரும்.

கிராமத்தில் இதற்குப் பயந்த கோளாறு என்று பெயர். முனி அடித்ததென்றும், மாண்டவனின் ஆவி தொடர்கிறதென்றும் கூறி வேப்பிலை அடிப்பார்கள்; கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். அதைக் கண்டு நகைப்பது நமது வழக்கமன்று. பயம் ஒரு பிணி, அதற்குப் பரிகாரம் தேட வேண்டும் என்ற அளவில் அந்தப் பாட்டிமார் கண்டதை, பயப்படாதே, ஆண்பிள்ளையாக இரு என்று அதட்டும் படித்தவர்கள் காணவில்லை. ஆனால் மந்திரத்தில் மாதங்கள் கழிவதும், அது பலிக்காதபோது நோயாளியைச் சங்கிலிக்கு ஒப்படைப்பதும் கொடுமை. 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதைத் தமிழ்நாடு மறக்க இயலாது.

இது இக்காலத்தார் கண்டுபிடித்த புது மோஸ்தர் வியாதி என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி கூறுவோம். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1865-ம் வருஷம் ஜூன் 9-ந் தேதி ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்னுமிடத்தில் நேர்ந்த ரயில் விபத்தில் உடல் நோகாமல் தப்பினார். இறந்துகொண்டிருந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உதவி செய்தார். அதன் பிறகு ரயிலில் ஏறினால் அவருக்குத் திடீரென்று நடுக்கம் எடுக்கும். சரியாக ஐந்து வருஷங்கள் கழித்து அதே தேதியில் அவர் காலமானார். அந்தக் காலத்தில் எரிக்ஸன் என்ற லண்டன் ரண வைத்தியர் ரயில் விபத்தில் தப்பியவர்களின் இத்தகைய உபாதைகளைப் பற்றி 1866-ல் பிரசங்கங்கள் செய்து வெளியிட்டார். முதுகுத் தண்டின் அதிர்ச்சியே காரணமென்று அவர் எண்ணினார். ஆகவே இவ்வியாதி வைத்தியர் கண்ணில் முதலில் பட்ட இடங்களுள் ஒன்று போக்குவரத்து விபத்தே. 1914-ல் மூண்ட மகாயுத்தத்தில் பீரங்கிக் குண்டுகளிடையே நிலைகுலைந்த சிப்பாய்களைக் குறித்து மையர்ஸ் என்பவர் 1915-ல் எழுதியபோது ஷெல் ஷாக் என்ற பெயர் பரவியது. அந்த யுத்தத்தில் கோழைத்தனம், படையைவிட்டு ஓடுதல் முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்ற தன் சிப்பாய்களில் 306 பேருக்குப் பிரிட்டிஷ் சர்க்கார் 2006-ம் வருஷத்தில் மன்னிப்பு அளித்தது. தொண்ணூறு வருஷங்கள் தாமதித்த நியாயம்! வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பியவர்களின் கூக்குரலுக்குப் பின், 1980-ல் அமெரிக்க மனோவைத்தியர் சங்கம் இவ்வியாதிக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயரைக் கொடுத்தது. யுத்தத்தின் நடுவே இருந்துகொண்டு இதற்குச் சிகிச்சை செய்த ஈழத்துத் தமிழ் வைத்தியர்கள் மனவடு என்ற அழகிய சொல்லை நமக்குத் தந்திருக்கிறார்கள். நாமும் அதையே கையாள்வோம்.

மனவடுவுக்குச் சிகிச்சை உண்டா? உண்டு. இதைத் திட்டமாகச் சொல்லவே இவ்வியாசத்தை எழுதுகிறோம். ஆயினும் நம் ஜில்லாக்களில் சாதாரணமாக நடைபெறும் சிகிச்சை எது என்று பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது. முதலாவது சாராயக்கடை. 1937-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக அமுலுக்கு வந்தது நமது சேலம் ஜில்லாவிலேயே. நாமக்கல்லும் அப்போது அதில் அடங்கியிருந்தது. அந்த மண்ணில் இன்று ஒருவன் கனவுக்கு அஞ்சிக் குடிக்கிறான் என்றால், குடிகாரன் என்று அவனைத் தள்ளிவிடுவதோடு நம் கடமை தீர்ந்ததா? குடி அவனுக்கு இரண்டு மணி நேர உறக்கத்தைக் கொடுத்து, வியாதியை நிலைக்கச் செய்கிறது. இரண்டாவது, தூக்க மாத்திரை. டயஸிபாம், அல்பிரஸோலம் முதலிய மாத்திரைகளை மருந்துக் கடையில் எப்படியோ பெற்றுவிடுகிறார்கள்; சில வைத்தியர்களும் தாராளமாக எழுதுகிறார்கள். பெருந்துயரம் நேர்ந்த முதல் மாதத்தில் அதன் உபாதைகளுக்காக இவ்வகை மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2013-ம் வருஷத்தில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. அமெரிக்கப் பழஞ்சிப்பாய்களுக்கான வைத்திய இலாகா, மனவடுவுக்கே இவை வேண்டாம் என்கிறது. இவை வியாதியின் வேரைத் தொடுவதில்லை; பழக்கமாகிவிடுகின்றன. டிரைவருக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. இரவில் விழுங்கிய மாத்திரையின் மயக்கம் விடியற்காலையில் ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்க்கும்.

மூன்றாவதாக ஒன்றைச் சொன்னால் சில நல்ல தொண்டர்கள் மனம் வருந்தக்கூடும். விபத்து நடந்த மறுநாளே போய், நடந்ததையெல்லாம் கொட்டிவிடு என்று ஒருவனை ஒரே அமர்வில் பேசவைத்தால் வியாதி வராமல் தடுக்கலாமென்று ஒரு நம்பிக்கை இருந்தது. அது பலிப்பதில்லையென்று பரீட்சைகள் காட்டிவிட்டன. சிலருக்குக் கெடுதலும் செய்யக்கூடும். முதல் நாட்களில் வேண்டியது பாதுகாப்பான இடம், சூடான ஒரு வாய்க் கஞ்சி, வீட்டுக்குத் தகவல், அவன் தானாகப் பேசினால் கேட்கும் செவி ஆகிய இவைதாம்.

பலன் தருவதென்று ஆராய்ச்சியில் மீண்டும் மீண்டும் நிலைபெற்ற சிகிச்சை பேச்சுச் சிகிச்சையே. ஆனால் அது திண்ணைப் பேச்சன்று. முறை வகுத்த பேச்சு. அதன் தத்துவம் எளியது. விலக்க விலக்க அச்சம் வளர்கிறது. தக்க துணையோடு அணுக அணுக அது தேய்கிறது. எட்னா ஃபோவா என்ற அமெரிக்க அம்மையார் வகுத்த முறையில், நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, நடந்ததை இப்போது நடப்பதுபோல் முதலிலிருந்து கடைசி வரை வாய்விட்டுச் சொல்கிறான். சொன்னதையே மறுபடியும் சொல்கிறான். அதைப் பதிவு செய்து வீட்டிலும் கேட்கிறான். முதலில் நெஞ்சு வெடிப்பதுபோல் இருக்கும். அமர்வுகள் செல்லச் செல்ல, துண்டு துண்டாகச் சிதறிப் பாய்ந்துகொண்டிருந்த காட்சிகள் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு கதையாகின்றன. முடிவுள்ள கதை இறந்த காலத்துக்குப் போய்ச் சேருகிறது. இதனோடு கூட, அஞ்சி ஒதுக்கிய இடங்களையும் படிப்படியாக அணுகச் செய்கிறார்கள். நம் டிரைவருக்கு அது எப்படி அமையும் என்று எண்ணிப் பாருங்கள். முதல் நாள், நிற்கும் லாரியில் ஏறி உட்கார்ந்தால் போதும். பின்னர் பட்டறைக்குள்ளேயே ஒரு சுற்று, பின்னர் வேறொரு டிரைவர் பக்கத்தில் இருக்கக் கிராமச் சாலை, அதன் பிறகு பகலில் ஓமலூர் வரை, கடைசியாகத் தொப்பூர்.

பாட்ரீஷியா ரெஸிக் என்ற மற்றொரு அம்மையார் வகுத்த முறை பன்னிரண்டு அமர்வுகள் கொண்டது. அது சம்பவத்தைவிட, சம்பவத்தைப் பற்றி நோயாளி தனக்குத் தானே கூறிக்கொள்ளும் தீர்ப்பை ஆராய்கிறது. நான் கொலைகாரன் என்று ஒருவன் தீர்ப்பெழுதிக்கொண்டு வாழ்கிறான். அவன் போன வேகம் என்ன? குறுக்கே வந்த சைக்கிள் எத்தனை அடி தூரத்தில் கண்ணில் பட்டது? அந்தத் தூரத்தில் பாரமேற்றிய லாரியை நிறுத்த முடியுமா? வக்கீல்களாகிய நமக்கு இந்தக் கேள்விகள் பழக்கமானவை. ஆனால் கூண்டில் நிறுத்திக் கேட்கும் குறுக்கு விசாரணை புண்ணைக் கிளறும்; இங்கே அதே கேள்விகளை நோயாளியே தன் தீர்ப்பின் மேல் அப்பீலாகக் கேட்டுக்கொள்கிறான். உண்மையில் பிழை செய்தவனுக்கு, பிழை இல்லையென்று இச்சிகிச்சை பொய் சொல்வதும் இல்லை. செய்த பிழையின் அளவு இன்னதென்று அறிந்து அதைச் சுமக்க அவனைத் தகுதியாக்குகிறது.

ஃபிரான்ஸின் ஷாப்பிரோ 1989-ல் வெளியிட்ட முறையில், நோயாளி துயரக் காட்சியை நினைத்துக்கொண்டே வைத்தியரின் விரல் இருபுறமும் அசைவதைக் கண்ணால் தொடர்கிறான். கேட்போருக்கு மாயவித்தைபோல் தோன்றும். கண்ணசைவு என்ன செய்கிறதென்பதில் பண்டிதரிடையே வாதம் தீரவில்லை. ஆயினும் பலன் தருகிறதென்பதில் அத்தனை வாதமில்லை. உலக சுகாதார ஸ்தாபனமும் இதைச் சிபார்சு செய்கிறது.

மருந்துகளும் உண்டு. ஸெர்ட்ராலின், பாரோக்ஸிடின், வென்லாஃபாக்ஸின் என்பவை முக்கியமானவை. தூக்க மாத்திரைகளின் வகையைச் சேர்ந்தவை அல்ல. சில வாரங்கள் சென்றே பலன் தெரியும், பலனும் நடுத்தரமானதே. பேச்சுச் சிகிச்சை கிடைக்காத இடத்திலும், நோயாளி அதை விரும்பாதபோதும், மனச்சோர்வும் கூடியிருக்கும்போதும் இவை உதவும். மனோவைத்தியரே இவற்றைக் கொடுக்க வேண்டும். தொடங்கும் நாட்களில் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. கெட்ட கனவுகளுக்குப் பிரஸோஸின் நல்லதென்று ஒரு காலத்தில் பெரிதும் நம்பினார்கள். 2018-ல் வெளியான பெரிய பரீட்சையில் வெறும் மாத்திரையைவிட அது மேம்படவில்லை. எம்.டி.எம்.ஏ. என்ற போதை வஸ்துவைப் பேச்சுச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கும் யோசனையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2024-ம் வருஷம் ஆகஸ்டில் ஏற்க மறுத்தது. அதைப் பற்றி நாம் இப்போது கவலைப்பட வேண்டியதில்லை.

யோகமும் தியானமும் இருக்க, மேல்நாட்டு முறைகளை ஏன் புகழவேண்டும் என்று தேசாபிமானிகள் கேட்பார்கள். நாமும் அந்த அபிமானத்தில் குறைந்தவர்கள் அல்லோம். அபிமானத்தைப் பரீட்சையில் நிறுத்திப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தமிழ்க் குழந்தைகளிடையே. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் வடகிழக்கு இலங்கையின் முகாம் ஒன்றில், யுத்தத்தாலும் கடலாலும் தாக்குண்ட 31 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கதை சொல்லும் சிகிச்சையும் மற்றதற்குத் தியானமும் இளைப்பாறுதலும் ஆறாறு அமர்வுகள் அளித்தார்கள். ஆறு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது முதற்பிரிவில் நூற்றுக்கு 81 பேரும், தியானப் பிரிவில் 71 பேரும் குணமடைந்திருந்தனர் என்று 2009-ல் வெளியான அறிக்கை கூறுகிறது. தியானத்துக்கு இது பெருமையே. ஆனால் தொகை சிறியது. சிகிச்சையே பெறாத மூன்றாவது பிரிவு ஒன்று இல்லாமையால், எத்தனை குழந்தைகள் தாமே தேறியிருப்பார்கள் என்று அறிய வழியில்லை. ஆகவே யோகத்தைத் துணையாகக் கொள்வோம். கைகண்ட முறையைக் கைவிட்டு அதன் இடத்தில் இதை வைக்கத் துணியோம்.

இத்தனையும் செய்ய வைத்தியர் எங்கே என்பது அடுத்த கேள்வி. 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனநோயாளிகளில் சிகிச்சை பெறாதோர் வியாதிக்குத் தக்கபடி நூற்றுக்கு 70 முதல் 92 வரை என்று கண்டது. மனோவைத்தியர்கள் பெருகட்டும் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறை கழிந்துவிடும். இங்கேதான் உகாண்டா தேசத்தின் அனுபவம் நமக்குப் பெரிதும் பயன்படுகிறது. அங்கே நாகிவாலே அகதிக் குடியேற்றத்தில், ருவாண்டா, சோமாலியா நாட்டு அகதிகளிலிருந்தே சிலரைத் தேர்ந்து ஆறு வாரம் பயிற்சி கொடுத்துச் சிகிச்சையாளர்களாக்கினார்கள். அவர்கள் வைத்தியர்களும் அல்லர், மனோதத்துவப் பட்டதாரிகளும் அல்லர். 277 நோயாளிகளைக் கொண்டு நடத்திய அந்தப் பரீட்சையின் முடிவு 2008-ல் வெளியாயிற்று. கதை சொல்லும் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 70 பேரும், வேறொரு வகை ஆலோசனை பெற்றோரில் 65 பேரும், சிகிச்சையின்றிக் கவனிக்கப்பட்டோரில் 37 பேரும் வியாதி நீங்கியிருந்தனர். தேர்ந்த மேற்பார்வை இருந்தால், சாதாரண ஜனங்கள் சாதாரண ஜனங்களைக் குணப்படுத்த முடியும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அந்தக் கதை சொல்லும் முறை நமது ஜனங்களின் இயல்புக்கு மிகப் பொருந்தும். தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போடுகிறார்கள். அது அவனுடைய ஆயுள். நல்லவை நேர்ந்த இடங்களில் பூக்களையும், கொடியவை நேர்ந்த இடங்களில் கற்களையும் அவனே வைக்கிறான். பிறகு பிறந்தது முதல் வரிசையாகக் கதையைச் சொல்ல, சிகிச்சை செய்பவர் எழுதிக்கொள்கிறார்; அடுத்த அமர்வில் அதை வாசித்துக் காட்டி, விட்டதைச் சேர்க்கிறார். கல் வந்த இடத்தில் விரைந்து தாண்டிவிட விடுவதில்லை. முடிவில் முழுக் கதையும் எழுத்தில் அவன் கையில் கொடுக்கப்படுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் இது தடையில்லை. இலங்கைத் தமிழ்ப் பகுதியில் இதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தமிழர்களே. யாழ்ப்பாணத்தில் பல வருஷங்கள் யுத்தத்துக்கிடையே மனோவைத்தியம் செய்த டாக்டர் தயா சோமசுந்தரம் முதலியோரின் உழைப்பால் இத்துறைக்குத் தமிழில் சொற்களும், பழகிய மனிதர்களும் ஏற்பட்டுள்ளனர். சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் மறுவாழ்வு முகாம்களிலும் ஈழத்துச் சகோதரர்கள் வாழ்கின்றனர். அவர்களுக்கும் இச்சிகிச்சை வேண்டும். அவர்களிலிருந்தே சிகிச்சையாளர்களும் கிடைப்பார்கள். லாரித் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற, நிதானமும் ரகசியம் காக்கும் குணமும் உள்ள டிரைவர்களையும் இதற்குப் பழக்கலாம். தொப்பூர் என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, சர்க்கார் நடத்தும் ஸ்தாபனங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. 21-வது பிரிவு, உடல் நோய்க்கு இன்ஷூரன்ஸ் உள்ளதுபோலவே மனநோய்க்கும் இருக்க வேண்டுமென விதித்தது. எழுத்தில் நல்ல சட்டம். ஆனால் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2010-ம் வருஷத்திலேயே தொழில்வழி நோய்களின் பட்டியலில் மனவடுவைச் சேர்த்திருக்க, நமது 1923-ம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையும், அதன் இடத்தில் கொண்டுவரப்பட்ட 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் அட்டவணையும் அதைச் சேர்க்கவில்லை. ஈயமும் பாதரசமும் தொழிலாளியின் உடலில் ஏறினால் நோய். சாவு அவன் உள்ளத்தில் ஏறினால் நோயன்று போலும்! விபத்து இழப்பீட்டு மன்றங்களில் கால் போனதற்குச் சதவீதம் போட்டுச் சான்று தருகிறார்கள். இரவுகள் போனதற்குச் சான்று கேட்கும் வக்கீலைக் காண்பது அரிது. நம் தொழிலைச் சேர்ந்த நண்பர்கள் கேட்கத் தொடங்கட்டும். 2024-ம் வருஷத் தொடக்கத்தில் லாரி டிரைவர்கள் வண்டிகளை நிறுத்திப் போராடியதும், விபத்தைத் தெரிவிக்காமல் ஓடுவோருக்குப் பத்து வருஷம் வரை சிறை விதிக்கும் பிரிவை மத்திய சர்க்கார் அமுலாக்காமல் ஒத்திவைத்ததும் வாசகர்கள் அறிந்ததே. அந்த விவாதம் முழுவதும் தண்டனையைப் பற்றியே நடந்தது. ஓடாமல் நின்று, போலீஸுக்குத் தெரிவித்து, அடிபட்டவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த டிரைவருக்கு நாடு என்ன செய்யும் என்று எக்கட்சியும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டு சர்க்கார் 2021-ம் வருஷம் டிசம்பர் 18-ந் தேதி தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டம், விபத்துக்குள்ளானவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. மெச்சத்தக்க காரியம். ஆனால் மனவடு 48 மணி நேரத்தில் தெரிவதன்று. ஒரு மாதம் கழித்தே வியாதி என்று நிச்சயிக்கப்படுகிறது. விபத்துப் பதிவேட்டில் பெயர் ஏறிய ஒவ்வொருவரையும், இடித்தவனையும் இடிபட்டவனையும், முப்பது நாள் கழித்து ஒரு முறை டெலிபோனில் அழைத்து விசாரிக்க வேண்டும் என்பது நமது யோசனை. இதற்கு ஐந்தே வினாக்கள் கொண்ட படிவம் அமெரிக்கப் பழஞ்சிப்பாய் ஆஸ்பத்திரிகளில் வழங்குகிறது. தமிழில் அதைக் கேட்க ஐந்து நிமிஷம் போதும். ஆம் என்று மூன்று நான்கு பதில் வந்தால், சேலத்து மோகன் குமாரமங்கலம் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல் வைத்தியக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கோ அனுப்ப வேண்டும். 2022 அக்டோபரில் ஏற்பட்ட 14416 என்னும் மனநல டெலிபோன் வசதியை, நாகபுரியிலோ குவாஹாட்டியிலோ லாரி நிறுத்தத்தில் விழித்துக் கிடக்கும் நம் டிரைவர் அறிந்திருக்கிறானா? ஒவ்வொரு லாரியின் கதவிலும், ஏற்றுமதிச் சீட்டிலும் அந்த எண்ணை அச்சடிக்க என்ன செலவாகும்?

லாரி உரிமையாளர் சங்கத்தாருக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்று. வாரம் ஒரு அமர்வாகப் பன்னிரண்டு வாரம் என்பது, மாதத்தில் இருபது நாள் ரோட்டில் இருப்பவனுக்கு ஏட்டுச் சுரைக்காய். ஆனால் 2018-ல் அமெரிக்க ராணுவத்தில் ஃபோவா அம்மையார் குழுவினர் நடத்திய பரீட்சையில், பத்து அமர்வுகளை எட்டு வாரங்களில் பரப்பியதும், இரண்டே வாரங்களில் அடுத்தடுத்து முடித்ததும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. ஆகவே ஒரு டிரைவருக்கு வேண்டியது இரண்டு வார லீவும், அந்த இரண்டு வாரத்துச் சம்பளமும், பேட்டாவுக்கு ஈடாக ஒரு சிறு தொகையும், திரும்பி வந்தால் வேலை உண்டென்ற ஒரு வார்த்தையுமே. நாமக்கல்லில் சங்கத்தின் செலவில் இரண்டு அறைகளும், மனோவைத்தியரின் மேற்பார்வையில் பழகிய நான்கு சிகிச்சையாளர்களும் இருந்தால் இவ்வேலையைத் தொடங்கிவிடலாம். விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய லாரி, சர்வேயர் வந்து பார்த்து, இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுமதி கொடுத்து, பாடி பட்டறையிலிருந்து வெளியே வருவதற்கு எப்படியும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. அந்த நாட்களில் டிரைவர் சும்மாதான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.